கீழே வைத்தவர்கள்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வவ்வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கார்டு கைக்கு வந்து இருபது நாளாகிறது. ஒரு முகவரி, அதன் கீழே ‘போன் இல்லை, வேண்டுமானால் கடிதம் போடு’ என்று ஒரு வரி. நாலு மாதம் காணாமல் போனவன் எழுதுவதற்கு அவ்வளவுதான் இருந்ததா? அந்த ‘வேண்டுமானால்’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் கையெழுத்து கோணாமல் நேராக இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்த வயதிலும் உன்னை வவ்வால் என்று கூப்பிடுகிறேனே என்று முகம் சுளிக்காதே. விளக்கைப் போட்டால் அழுது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்ட பையனுக்கு வேறு என்ன பேர் வைப்பது?

இங்கே எல்லாரும் நலம். அத்தான் வழக்கம்போல் பாலம் கட்டுமிடத்தில் இருக்கிறார். மாதத்துக்கு நாலு நாள் வந்து தூங்கிவிட்டுப் போகிறார். உன் மருமகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். காலையில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள், நான் அவளுடையதைப் போட்டுக்கொண்டு அலுவலகத்தில் தத்தித் தத்தி நடக்கிறேன். மாமா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். நானும் அதையேதான் கேட்கிறேன்.

அலுவலகத்தில் உன் அறையை மூன்றாகத் தடுத்துவிட்டார்கள். நடுத் தடுப்பில் ஆந்தைக்கு இறக்கை வரைகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆந்தையைப் பற்றி உனக்குத் தெரியாதே. உன் வீடியோ கேமின் இரண்டாம் பாகத்தில் இப்போது ஒரு பேசும் ஆந்தை இருக்கிறது. கிணற்றுக்குள் இறங்கும்போது தோளில் உட்கார்ந்து ‘இடது பக்கம் போ’, ‘அந்தக் கல்லைத் தள்ளிப் பார்’ என்று சொல்லிக்கொண்டே வரும். விளக்கு அணையாது. தரையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். பெருக்கல் சார் எதையும் பத்தால் பெருக்கித்தான் இப்போதும் பேசுகிறார். ரெண்டு லட்சம் பேர் தலையில் வைத்துக் கொண்டாடினால் போதாது, ஒரு கோடிப் பேர் சும்மா எட்டிப் பார்க்க வேண்டும், அவருடைய மாமியார் கண்ணாடி இல்லாமல் விளையாட வேண்டும், அதுதான் அளவு என்கிறார். அந்த மாமியாரை ஒருநாள் கூட்டி வந்து உட்கார வைக்கலாம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்கிறோம். ஆனால் நானூறு பேர் வேலை செய்கிற இடம் இது. அவர் சொல்வதை முழுக்கத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

சோதனை அறை அப்படியேதான் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை, கடையிலிருந்தும் வீட்டிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து விளையாட வைக்கிறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அதே பழைய நாற்காலியில் நான். அங்கிருந்து திரை தெரியாது, முகங்கள்தான் தெரியும். கையில் ஒரு தாள்: சிரித்தால் அதில் ஒரு கட்டம், கொட்டாவி விட்டால் ஒரு கட்டம், விளையாடுகிற கன்ட்ரோலரைக் கீழே வைத்தால் ஒரு கட்டம். போன வாரம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஆந்தையைப் பார்த்து ஆறு முறை சிரித்தார். ஆறு முறையும் குறித்தேன்.

உதவிக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். நீயும் இரண்டு நண்பர்களும் வாடகை அறையில் செய்த முதல் பாகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். வற்றிய கிணற்றில் ஒருவன் விளக்கோடு இறங்குவான், அடியில் போனதும் விளக்கு அணைந்துவிடும், திரை முழுக்க இருட்டு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வேலைக்காகாது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நாலு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இடையில் தொட்டால் நாலு நிமிடமும் முதலிலிருந்து தொடங்கும். தொடாமல் இருந்தால் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி, சுவரில் ஒரு கதவு தெரியும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் யாரும் வெளியில் சொல்வதில்லை, படமும் போடுவதில்லை. தங்களை இருட்டுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவள் கேட்டாள், ‘யாருக்குக்கா அவ்ளோ பொறுமை?’ ரெண்டு லட்சம் பேருக்கு இருந்தது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

நீ அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போன அந்தக் கூட்டத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. இன்னொரு முறை எழுதுகிறேன். வெளியீட்டுக்கு ஐம்பது நாள் இருக்கிறது.

எழுத மறந்துவிட்டேன். நேற்று மாலை வேலை முடிந்து வந்தால், வாசல் மிதியடியில் ஒரு கன்ட்ரோலர் கிடந்தது. கறுப்பு, புதுசு. எதிர்வீட்டுக் குழந்தைகளுடையதோ என்று கேட்டேன், இல்லையாம். கிடந்தது என்று எழுதினேன், அது சரியில்லை. வைத்திருந்தார்கள். இரண்டு கைப்பிடியும் கதவைப் பார்த்தபடி, எடுத்துக்கொள் என்று யாரோ நீட்டினதுபோல. உன் மருமகள் அது வேலை செய்கிறதா என்று பார்க்க, நீ எங்களிடம் விட்டுப்போன பழைய விளையாட்டுப் பெட்டியை, அந்தக் கன்சோலை, தூசி தட்டி டிவியில் மாட்டினாள். அதோடு அது சேரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வெளிச்சத்தில் கொஞ்சம் நட.

அன்புடன்,
அக்கா


சனிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரமாகிறது, பதில் இல்லை. கோபமா, தபால் தாமதமா என்று தெரியாமல் இதையும் எழுதுகிறேன்.

மிதியடியில் இரண்டாவது கன்ட்ரோலர் வந்துவிட்டது. இதுவும் புதுசு, இதுவும் கதவைப் பார்த்தபடி. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். இப்போது போன் வருகிறது. எண் தெரிவதில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை, ஆனால் ஆள் இருக்கிறது. மூச்சுகூடக் கேட்காது, ஆனாலும் தெரிகிறது. முதல் முறை ‘யாருங்க, யாருங்க’ என்று நாலு தரம் கேட்டுவிட்டு வைத்தேன். உடனே மறுபடி வந்தது. மறுநாள் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். தானாகவே நின்றது. எவ்வளவு நேரம் பேசியதாகப் போன் காட்டுகிறது என்று பார்த்தேன். சரியாக நாலு நிமிடம்.

புதன்கிழமை எங்கள் மாடிப்படி விளக்கு எரியவில்லை. பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சுவரைத் தடவி ஏறினேன். ஐந்தாவது படியில் கால் எதிலோ இடறியது. பல்பு. உடையாமல், கைக்குட்டை மேல் படுக்க வைத்திருந்தது. திருடுகிறவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான், வம்புக்காரன் உடைத்திருப்பான். இவ்வளவு பத்திரமாகக் கழற்றி வைத்தவன் யார்?

காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகத்தான் கேட்டார். கன்ட்ரோலர் என்றதும், டிவி ரிமோட்டா என்றார். விளக்கிச் சொன்னேன். யாரோ உங்கள் வீட்டு வாசலில் நல்ல பொருளாகக் கொண்டு வந்து வைக்கிறார்கள், போன் பண்ணித் திட்டாமல் இருக்கிறார்கள், பல்பைக் கைக்குட்டையில் வைத்துக் கொடுக்கிறார்கள், இதில் என்ன புகார் எழுதுவது என்று கேட்டார். வெளியே வந்து சிரித்துவிட்டேன்.

இது இருட்டுக்காரர்கள் வேலை என்றுதான் நினைக்கிறேன். பத்து நாளுக்கு முன்பு ஆந்தை பேசுகிற முன்னோட்டம் வெளியானது. ஒரே நாளில் எழுபது லட்சம் பேர் பார்த்தார்கள், பெருக்கல் சார் எல்லாருக்கும் கேக் வெட்டினார். இருட்டுக்காரர்கள் அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை, ஒரு வசவுகூட இல்லை. அவர்களுடைய பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தார்கள்: ‘எண்ணியது யார்?’ அதற்கும் யாரும் பதில் எழுதவில்லை. எனக்கு அதைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் எண்ணியது நான். உனக்குத் தெரியும், அன்று கூட்டத்தில் தாளைத் திரையில் போட்டபோது அடியில் என் கையெழுத்தைப் பார்த்தாய். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இந்தக் கடிதம். இரண்டாம் பாகத்திலும் நீ அந்த இருட்டு அறையைப் பிடிவாதமாக வைத்திருந்தாய். அன்று சோதனைக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்கள். பத்துக்கு மூன்று பேருக்கு மேல் கீழே வைத்தால் அந்த இடத்தை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் நாலு பேர்தான் சலித்துப்போய் வைத்தவர்கள். மற்ற ஐந்து பேர் நீ கேட்டுக்கொண்டபடி வைத்தவர்கள். ஒரு நர்ஸ், பணி முடிந்து சீருடையோடு வந்தவர், மடியில் கையைக் கோத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பேக்கரியில் வேலை செய்கிற ஒருவர் கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். நாலு நிமிடம் ஆனதும் அவர் முகத்தில் லேசாக வெளிச்சம் பட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

என் தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான். காத்திருந்ததற்குக் கட்டம் கிடையாது. ஆனால் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. கையில் பேனா இருந்தது. நான் எழுதவில்லை. குறிப்பை யார் படிக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அதற்காக நான் எழுதாமல் இருக்கவில்லை. வேறு காரணம் இருக்கிறது. அதை எழுத இன்று தெம்பில்லை.

நீ ஒன்று மட்டும் செய். இருட்டுக்காரர்கள் உன் பேச்சைக் கேட்பார்கள். எங்காவது ஒரு கடையில் போனை வாங்கியாவது, அவர்கள் பக்கத்தில் ஒரு வரி போடு. கோபம் என்மேல் இருக்கட்டும், வீட்டு வாசல் வரை வர வேண்டாம் என்று சொல். உன் மருமகள் பள்ளியிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் தனியாக இருக்கிறாள். அந்தப் படியில்தான் ஏறி வருகிறாள்.

பதில் போடு. வெறும் கார்டாக இருந்தாலும் போடு.

உன் அக்கா


சனிக்கிழமை

தம்பி,

வியாழக்கிழமை மதியம் என் இரண்டு கடிதமும் திரும்பி வந்தன. பிரிக்கவில்லை. கூட, அந்த வீட்டுச் சொந்தக்காரரின் துண்டுச் சீட்டு. நீ அங்கே ஒன்பது நாள்தான் இருந்தாயாம். எனக்குக் கார்டு போட்ட மறுநாளே சொல்லாமல் கிளம்பிவிட்டாயாம். ‘அறையில் ஒரு சேதமும் இல்லை. எல்லாப் பல்பையும் கழற்றி, துண்டு விரித்து வரிசையாக வைத்திருந்தார். தப்பாக நினைக்க வேண்டாம், தெரிந்தவர்கள் யாராவது அவரைத் தேடிப் பார்த்தால் நல்லது’ என்று எழுதியிருந்தார். நின்றுகொண்டே படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

இருட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்டேனே, பாவம். அவர்கள் ஒரு கேள்வி கேட்டதோடு சரி; யாருடைய போனையோ வாங்கி என்னைக் கூப்பிட்டதும் நீதான்.

அன்று மாலை ஆறு மணிக்கு உன் மருமகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கூடத்தில் டிவிக்குத் தானாக உயிர் வந்தது. யாரும் தொடவில்லை. உன் பழைய கன்சோலின் பச்சை விளக்கு எரிந்தது. அவள் மாட்டினது அப்படியே இருந்திருக்கிறது. திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் அணைந்த கறுப்பு இல்லை. உன் முதல் பாகத்துக்கு முகப்புப் பக்கம் கிடையாது, விட்ட இடத்தில் நேராகப் போய் நிற்கும். எட்டு வருடத்துக்கு முன்னால் விட்ட இடத்தில் போய் நின்றது. கிணற்றின் அடி.

வாசலுக்குப் போய்க் கதவில் இருக்கிற துளை வழியாகப் பார்த்தேன். படியில் வெளிச்சம் இல்லை. மிதியடியில் மட்டும் ஒரு சின்ன விளக்கு, சிமிட்டாமல் நிலையாக எரிந்தது. கன்சோல் கிடைக்காத கன்ட்ரோலர் சிமிட்டிக்கொண்டே இருக்கும். இது தன் கன்சோலைக் கண்டுபிடித்து, கதவுக்கு வெளியிலிருந்தே அதை எழுப்பிவிட்டது. அந்த வெளிச்சத்தில் அதன் வலது பொத்தானில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கு மறந்துபோகிறது என்று, உன் வாடகை அறையில் உட்கார்ந்து நான் வைத்த நகப்பூச்சு. அந்த கன்ட்ரோலரை நீதான் எடுத்துப் போனாய்.

கதவைத் திறக்கவில்லை. பயந்தேன், அதை மறைக்க மாட்டேன். சொந்தத் தம்பிக்குப் பயந்து தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ தூங்காத அந்தக் கடைசி மாதங்களும், கூட்டத்தில் அட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையும், அந்தத் துண்டில் வரிசையாகக் கிடந்த பல்புகளும் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. உன் கையில் என்ன இருக்கிறதோ என்று நினைத்தேன். நீ உன்னையே என்ன செய்துகொள்வாயோ என்றும் நினைத்தேன். எது அதிகப் பயம் என்று பிரிக்கத் தெரியவில்லை. பின்பக்கமாகவே நடந்து வந்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கன்ட்ரோலர் வெளியே இருந்தது. தொடுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

போன கடிதத்தில் எழுதாமல் விட்ட காரணம் இதுதான். முதல் பாகத்தை முடித்துவிட்டேன் என்று நான் உன்னிடம் சொன்னது பொய். அந்த இருட்டில் என்னால் ஒரு நிமிடம்கூட இருக்க முடிந்ததில்லை. ஏதாவது ஒன்றை அழுத்திவிடுவேன். இருபது தரம் முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டேன். கதவுக்குப் பின்னால் என்ன என்று நீ கேட்டபோது, அழுதுவிட்டேன் என்று சொன்னேன். நீ சந்தோஷப்பட்டாய். முகம் தெரியாத ரெண்டு லட்சம் பேர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்கள், கூடப் பிறந்தவள் வெளியே நிற்கிறேன். அந்த நர்ஸும் பேக்கரிக்காரரும் அசையாமல் இருந்ததை நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது எனக்கு வந்தது பொறாமை. எல்லாரும் நுழைகிற மாதிரி இருந்தால் என்ன, என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு விளக்கு வைத்தால் என்ன என்று நினைத்தேன். பேனாவை மூடினேன்.

விட்ட இடம் கன்சோலில் பதிவாகியிருக்கும் என்பது எனக்கு வியாழக்கிழமைதான் உறைத்தது. செய்தவன் நீ. நான் எங்கே நின்றேன் என்று உனக்கு எட்டு வருடமாகத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலு நிமிடம் ஆனது. இருட்டு நரைத்தது. கதவு தெரிந்தது, தானாகத் திறந்தது. உன் வாடகை அறை. அதே ஜன்னல், அதே கால் ஆடுகிற மேசை விசிறி. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் ஒல்லியாக ஒரு பையன், வாசலைப் பார்த்தபடி. இன்னொன்று காலி, அதன் முதுகில் என் நீலச் சால்வை. அவன் ஒன்றும் பேசவில்லை, அசையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். ‘அது யாருக்கு’ என்று இருட்டுக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்களாமே, எது என்று இப்போதுதான் புரிந்தது. யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மிதியடி காலியாக இருந்தது. படியில் இருட்டு. நீ இறங்கிப் போகிற சத்தம் கேட்கும் என்று நின்றேன். கேட்கவில்லை. நீ போகவில்லை என்று புரிந்தது. உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சோதனைத் தாளை எடுத்து, குறிப்பு என்ற இடத்தில், ஒன்பது பேரில் ஐந்து பேர் அறையை முடித்தவர்கள், இதை மறைத்தது நான் என்று எழுதி, பெருக்கல் சாருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, ‘இப்ப வந்து சொல்றீங்களே மேடம்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். இன்னும் இருபத்தாறு நாள்தான், ஆந்தையைத் திரும்பக் கூட்டில் அடைக்க முடியாதாம். திங்கட்கிழமையிலிருந்து நான் சோதனை அறைக்கு வர வேண்டாமாம். உன் இருட்டு அறை திரும்பி வராது, வவ்வால். நான் எழுதியதால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் தாளில் இப்போது அது இருக்கிறது.

உன் மருமகளை அவள் தோழி வீட்டில் விட்டிருக்கிறேன், இரண்டு நாளைக்கு. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை. நாளை மாலை வரை யாரிடமும் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும்.

படியில் பல்பைப் போடவில்லை. கூடத்திலும் விளக்கை அணைத்துவிட்டேன். நீ வைத்துவிட்டுப் போன இரண்டு புதுக் கன்ட்ரோலரும் பீரோவில் இருக்கின்றன. உன்னிடம் இருக்கிற சிவப்புப் பொட்டு வைத்ததை வெளியே வைக்காதே, கையில் எடுத்துக்கொண்டு வா. திட்ட வேண்டுமென்றால் உள்ளே வந்து திட்டு. பேச வேண்டாமென்றால் பேசாதே. உடம்பு மட்டும் முழுசாக இருக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர நான் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

இதையும், திரும்பி வந்த இரண்டு கடிதத்தையும் தபாலில் சேர்க்கவில்லை. கதவைத் தாழிடாமல் சாத்தி, மிதியடியில், நீ வைக்கிற இடத்திலேயே வைக்கிறேன். கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்றில் நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும் எதையும் தொட மாட்டேன்.

அக்கா